செம்பில் இல்லாத சீட்டு

கூறு கட்டும் நேரத்தில் மட்டும் மீன் விற்கும் அந்த அம்மா யாரிடமும் பேசமாட்டார். நீல நிறப் பிளாஸ்டிக் தாளை விரித்து, கூடையிலிருந்து மீனைக் கொட்டி, ஆறு குவியலோ எட்டுக் குவியலோ பிரிப்பார். ஒன்றிலிருந்து ஒரு சின்ன மீனை எடுத்து அடுத்ததில் போடுவார். அங்கிருந்து சற்றுப் பெரியதை எடுத்து இங்கே வைப்பார். எழுந்து இரண்டடி தள்ளி நின்று பார்ப்பார். மறுபடி குனிவார். ஆள் நிற்கிறதே, வெயில் ஏறுகிறதே என்ற பதற்றமெல்லாம் கிடையாது. எல்லாக் கூறும் ஒன்றுபோல் ஆகிவிட்டது என்று அவருக்கே திருப்தி வந்தபின் நிமிர்ந்து, "எத்த வேணா எடு சார்" என்பார்.

அது வியாபாரப் பேச்சு என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு சனிக்கிழமை, எட்டுக் கூறையும் மாறி மாறிப் பார்த்துச் சலித்துப்போய், நீங்களே ஒன்றை எடுத்துக் கொடுங்கள் என்றேன். முடியாது என்றார். கூறு கட்டின கை எடுக்கக் கூடாதாம். அப்படியானால் உங்கள் வீட்டுக் குழம்புக்கு எதை எடுப்பீர்கள் என்று கேட்டேன். எல்லாரும் எடுத்த பிறகு எது மிஞ்சுகிறதோ அதை என்றார், இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல.

பெசன்ட் நகரில் நான் குடியிருந்த பதினொரு வருடமும் அவரிடம்தான் மீன் வாங்கினேன். புதனும் சனியும். கிழமையை இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், எதையும் தேதி போட்டு எழுதிவைக்கும் வழக்கம் எனக்கு உண்டு. அந்த நோட்டுகளில் அவர் பெயர் எங்குமே இல்லை என்பதை இப்போது புரட்டிப் பார்க்கும்போதுதான் கவனிக்கிறேன். "மீன்கார அம்மா" என்றே எழுதியிருக்கிறேன். முப்பது வயதைத் தாண்டியிருக்கமாட்டார், அப்படி எழுதத் தொடங்கிய காலத்தில். ஊரூர் ஒல்காட் குப்பத்தில் வீடு. கணவர் பைபர் படகில் தொழிலுக்குப் போகிறவர். இவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிப்பார். எண் மட்டும் மின்னல்.

அந்தச் சமயம் எங்கள் வட்டாரத்துப் பள்ளிகளைப் பற்றி நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். எந்தப் பள்ளி எப்போது தொடங்கியது, யார் நடத்துகிறார்கள், எந்தத் தெருப் பிள்ளைகள் போகிறார்கள் என்று. நோட்டில் மூன்று பத்தி: மாநகராட்சிப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, தனியார் பள்ளி. நடுப்பத்தி எனக்குச் சொந்த விஷயம். என் அப்பா மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு கத்தோலிக்கப் பங்குப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். சம்பளம் அரசாங்கத்துடையது, நியமனம் சாமியார்களுடையது, காலையில் ஜெபம், அப்புறம் அரசாங்கப் பாடப்புத்தகம். அது பொதுப் பள்ளிதான் என்று கடைசிவரை வாதாடினார். என்னோடு கடற்கரையில் நடக்கும் நண்பர் ஓய்வுபெற்ற வக்கீல். அவர் ஒத்துக்கொள்ளமாட்டார். யாரை உள்ளே விடுவது, யாரை விடக்கூடாது என்று தீர்மானிக்கிறவருடையதுதான் பள்ளி, சம்பளத்தை யார் கொடுத்தால் என்ன என்பார். இந்தச் சண்டை எங்களுக்குள் பல மாதம் ஓடியது.

குப்பத்துப் பிள்ளைகள் எங்கெங்கே படிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள, ஒரு புதன்கிழமை நோட்டோடு அவரிடம் போனேன். என்ன எழுதியிருக்கிறாய், படித்துக் காட்டு என்றார். மூன்று பத்தியையும் படித்தேன். மீனுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே கேட்டவர், தலையை ஆட்டினார்.

"இது சரியில்ல சார். ஓட்டுப் போட உள்ள வுடுற ஸ்கூலு ஒண்ணு கீது. வெள்ளம் வந்தா படுக்க உள்ள வுடுற ஸ்கூலு ஒண்ணு கீது. புள்ளைய சேக்க உள்ள வுடுற ஸ்கூலு ஒண்ணு கீது. மூணுத்துக்கும் தொறந்தா அது நம்ம ஸ்கூலு."

"தொறக்கலேன்னா?"

"தொறக்காங்காட்டி அது யாரோ வூடு."

மதத்தைப் பற்றியும் கேட்டேன். சாமி கும்பிடச் சொல்லும் பள்ளியை எந்தப் பத்தியில் போடுவது என்று. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கும்பிட்டால் கும்பிட்டுவிட்டுப் போகட்டும், பிள்ளைக்கு வீட்டில் கெங்கையம்மன் இருக்கிறாள், அங்கே வேறொரு சாமி இருக்கும், இரண்டையும் சமாளிக்கப் பிள்ளைகளுக்குத் தெரியும் என்றார். வாசல் கேட்டு திறந்திருக்கிறதா என்பது ஒன்றுதான் அவருக்குக் கேள்வி.

இதை அவர் சும்மா சொல்லவில்லை என்பது வாக்குப்பதிவு நாளன்று தெரிந்தது. எங்கள் இருவருக்கும் ஒரே ஓட்டுச்சாவடி. ஓர் ஆன்மிக அறக்கட்டளை நடத்தும் தனியார் பள்ளி. நுழைந்ததும் கல்மண்டபத்தில் விளக்கு, அதற்குப் பின்னால் நீளமான வகுப்பறை வரிசை. குப்பத்திலிருந்து நடந்தால் ஏழு நிமிடம். எனக்கு முன்னால் நின்று ஓட்டுப்போட்டவர், விரலில் மை காய்வதற்குள், வெளியே போகும் வழியை விட்டுவிட்டு உள்பக்கம் திரும்பினார். எல்கேஜி வகுப்புகள் இரண்டும் பூட்டியிருந்தன. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தபடி நின்றார். வாயிற்காவலர் ஓடிவந்து, ஓட்டுப்போட்டாகிவிட்டதல்லவா, கிளம்பு கிளம்பு என்றார்.

"இரு நைனா, நீங்க தொறக்கறதே எலக்சனுக்குத்தான். பாத்துக்கினு போறேன்."

காவலுக்கு நின்ற போலீஸ்காரர் சிரித்துவிட்டார். அந்த அம்மா அடுத்த சன்னலுக்கும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தார். தெருவில் இறங்கியதும் என்னிடம் சொன்னார்: சின்ன நாற்காலி, இந்த அறையில் முப்பது, அந்த அறையில் முப்பது, ஆக அறுபது. கால்வாசி பதினைந்து. பதினைந்து நாற்காலி நம்முடையது.

அவர் சொன்ன கால்வாசி, கல்வி உரிமைச் சட்டம் சொல்வது. தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் நான்கில் ஒரு பங்கு இடத்தை, சுற்றுவட்டாரத்து ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். அவர்களுக்கான கட்டணத்தை அரசாங்கம் செலுத்தும். விண்ணப்பம் அதிகம் வந்தால் குலுக்கல். எனக்கு அந்தச் சட்டம் தெரியும், வந்த ஆண்டும் தெரியும். நாற்காலியை எண்ணிப் பார்க்கத் தோன்றியதில்லை.

அவருக்கு ஒரே மகள். பெயர் தர்ஷினி. குப்பத்தில் அந்தச் சந்திலேயே இன்னொரு தர்ஷினியும் இருந்தாள், ஒன்பது நாள் இளையவள். அவளுடைய அம்மாவும் மீன் விற்கிறவர், அதுவும் இவருக்கு நான்கடி தள்ளி. இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. காரணம் அந்தப் பெயர்தான். தான் யோசித்து வைத்த பெயரைப் பக்கத்து வீட்டுக்காரி திருடிக்கொண்டாள் என்பது இவர் கட்சி. கர்ப்பமாக இருந்தபோதே தான் வாய்விட்டுச் சொன்ன பெயரை இவர் ஒட்டுக்கேட்டு முந்திக்கொண்டார் என்பது அவர் கட்சி. நடுவில் நிற்கும் வாடிக்கையாளர்கள் வழியாகத்தான் இருவரும் ஒருவரையொருவர் ஏசிக்கொள்வார்கள். "கேளு சார், சொந்தமா ஒரு பேர் வெக்கத் துப்பில்லாதவங்க மீனு எப்பிடி சார் நல்லாருக்கும்?" என்று இவர் என்னைப் பார்த்துக் கேட்பார். "வாங்கிக்கினு போ சார், அது நேத்து மீனு" என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும்.

இரண்டு பெண்களுக்கும் மூன்றரை வயதானபோது, இரண்டு அம்மாக்களும் தனித்தனியாக, ஒருவருக்கொருவர் தெரியாமல், இ-சேவை மையத்துக்குப் போய் அதே பள்ளிக்கு விண்ணப்பம் போட்டார்கள். சட்டப்படி ஒரு கிலோமீட்டருக்குள் வீடு இருக்க வேண்டும், இருந்தது. பதினைந்து இடம். வந்த விண்ணப்பம் நாற்பத்திரண்டு.

இனிமேல் சொல்லப்போவதில் என் பிழை ஒன்று இருக்கிறது.

அந்தப் பள்ளியின் தாளாளர், ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியை. பள்ளி தொடங்கிய தேதி கேட்டு நான் நான்கு முறை அவரைத் தொந்தரவு செய்திருந்தேன். அதனால் என்மேல் ஒரு நம்பிக்கை. குலுக்கல் சனிக்கிழமை என்றால், அதற்கு முந்தின வெள்ளி மாலை என்னை அழைத்து, குடியிருப்போர் சார்பில் நீங்கள் சாட்சியாக இருங்கள், பட்டியலையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள் என்றார். எழுத்தர் பட்டியலை நீட்டினார். அதில் ஜெ. தர்ஷினி, ஊரூர் குப்பம் என்று இரண்டு இடத்தில் இருந்தது. சந்துப் பெயர் ஒன்றே. கதவு எண் இரண்டுக்கும் இல்லை. ஒருவரே இரண்டு முறை பதிந்துவிட்டார் போலிருக்கிறது சார் என்றார் எழுத்தர். ஆனால் பிறந்த தேதி வேறாக இருக்கிறதே என்றும் அவரே தயங்கினார். நான் பார்த்தேன். மாதமும் வருடமும் ஒன்று. தேதி, ஒன்றில் பன்னிரண்டு, மற்றதில் இருபத்தொன்று.

பழைய பதிவேடுகளைப் புரட்டுகிறவனுக்கு இது அல்வா சாப்பிடுகிற மாதிரி. பன்னிரண்டை இருபத்தொன்றாகத் தட்டிவிடுவது எத்தனை முறை பார்த்த தப்பு! இலக்கம் இடம் மாறியிருக்கிறது, முதலில் வந்த விண்ணப்பத்தை வைத்துக்கொண்டு இரண்டாவதை அடித்துவிடுங்கள் என்று சொன்னேன். எழுத்தர் என் கூர்மையை மெச்சினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இரண்டு தர்ஷினிகளைப் பற்றி வருடக்கணக்கில் வசை கேட்டவன் நான். அந்த மேசையின் முன்னால் அது எனக்கு நினைவுக்கே வரவில்லை. காகிதத்தில் இருந்த தேதியை மட்டும் பார்த்தேன்.

சனிக்கிழமை காலை பிரார்த்தனைக் கூடத்தில் பெற்றோர் உட்கார்ந்திருந்தார்கள். கட்டட வேலைக்காரர்கள், வீட்டு வேலை செய்கிறவர்கள், திருவான்மியூர் டெர்மினஸில் ஆட்டோ ஓட்டும் ஒருவர், தள்ளுவண்டிக்காரர்கள். மீன்கார அம்மா குளித்து, பூ வைத்து, வேறு ஆள்போல வந்திருந்தார். அடுத்த தர்ஷினியின் அம்மா வரவில்லை. அன்று காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போயிருந்தார். கல்வித் துறை அதிகாரி ஒருவர் வந்திருந்தார். பூஜை அறையிலிருந்து ஒரு பித்தளைச் செம்பைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதன் கழுத்தில் குங்குமப் பொட்டு இருந்தது. சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார்கள். அதிகாரி கண்ணை மூடிக்கொண்டு கைவிட்டார்.

முதல் சீட்டே அதுதான். "ஜெ. தர்ஷினி, ஊரூர் குப்பம்."

மீன்கார அம்மா உடனே எழுந்துகொள்ளவில்லை. பக்கத்திலிருந்தவர் தோளைத் தட்டியபின் எழுந்தார். நாற்காலிகளுக்கு இடையே மேசைக்கு நடந்து வந்தபோது அந்த முகத்தைப் பார்த்தேன். அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. தெருவில் அத்தனை வாய் பேசுகிறவர், மேசையின் ஓரத்தை விரல்களால் தொட்டுக்கொண்டு நின்றார்.

எழுத்தர் விண்ணப்பத்தை எடுத்து, தகப்பனார் பெயரைச் சரிபார்த்தார். ஜெயபால். பிறகு பேனாவைத் திறந்துகொண்டு, குழந்தை பிறந்த தேதி பன்னிரண்டா, இருபத்தொன்றா, நீங்கள் இரண்டு தடவை பதிந்திருந்தீர்கள், ஒன்றை அடித்துவிட்டோம் என்றார்.

"நான் ஒரு தபாதான் போட்டேன்."

"இல்லம்மா, ரெண்டு இருந்துச்சு."

அவர் குனிந்து பட்டியலைப் பார்த்தார். சிவப்பு மையில் கோடு போட்ட வரியில் விரலை வைத்து, கூட்டிக் கூட்டிப் படித்தார். படித்து முடித்ததும் நிமிர்ந்தார்.

"இருபத்தொண்ணு அவ பொண்ணு. ஜெயக்குமாரு பொண்ணு."

கூடத்தில் யாருக்கும் முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் ஒரு சலசலப்பு. நான் எழுந்து, பட்டியலைத் திருத்தச் சொன்னது நான்தான் என்று சொன்னேன். அதிகாரி நல்ல மனிதர். அலட்டிக்கொள்ளாமல் வழி சொன்னார். விடுபட்ட சீட்டை இப்போதே எழுதிச் செம்பில் போட்டுவிடலாம், இன்னும் பதினான்கு இடம் இருக்கிறது, அந்தக் குழந்தைக்கும் வாய்ப்பு உண்டு, இந்த அம்மாவுக்கு வந்தது வந்ததுதான். எனக்கு உயிர் வந்தது. கூடத்திலும் எல்லாரும் சரி என்றார்கள்.

மீன்கார அம்மா மட்டும் செம்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவ சீட்டு உள்ள இல்லாதப்போ கை வுட்டீங்க சார். அப்போ வந்தது எனக்கு வந்ததா? என்னுதையும் மடிச்சி உள்ள போடுங்க."

தாளாளர் எழுந்து அவர் பக்கத்தில் வந்தார். யோசித்துச் சொல்லம்மா, கிடைத்த இடத்தை விட்டுவிடாதே, இது உன் தப்பு இல்லையே என்று தாழ்ந்த குரலில் சொன்னார். ஆட்டோக்காரர் பின்னாலிருந்து, யக்கா பைத்தியமா நீ, வந்ததை வாங்கிக்கினு போ என்றார்.

"என் எடம் திரும்ப வந்தா உனுக்கும் அதுல ஒரு பங்கு கீது. கம்னு கெட நைனா" என்று அவரை அடக்கிவிட்டு, தாளாளரிடம் திரும்பினார். "எங்க குப்பத்துல பெரிய வலை போட யாரு மொதல்ல, யாரு அப்பாலன்னு சீட்டுப் போடுவோம்மா. கடலுக்குப் போனவன் சீட்டையும் போட்டுட்டுத்தான் குலுக்குவோம். ஆளு இல்லன்னு ஒரு தபா வுட்டுட்டா, அப்புறம் எந்தச் சீட்டையும் எவனும் நம்ப மாட்டான்."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் பெருந்தன்மை எதுவும் இல்லை. எரிச்சல்தான் இருந்தது, தராசு சரியில்லாத கடையில் நிற்கிறவருக்கு வருமே அந்த எரிச்சல்.

சீட்டுகளை மேசையில் கொட்டச் சொன்னார். பட்டியலோடு ஒவ்வொன்றாகச் சத்தமாக எண்ணவைத்தார். விடுபட்ட சீட்டை என்னை எழுதச் சொன்னார். நான் பேனாவைத் திறந்து அவரைப் பார்த்தேன். "தெரியாமதான பண்ண. எழுது சார்" என்றார். தன் மகளின் சீட்டை, மற்றவை எப்படி மடிந்திருந்தனவோ அதேபோல் நான்காக மடித்து, நகத்தால் ஓரத்தை அழுத்தி, தானே செம்பில் போட்டார். நாற்பத்திரண்டு.

மறுபடி குலுக்கினார்கள். முதல் பெயர் ஒரு கொத்தனாரின் மகன். இரண்டு, மூன்று, நான்கு. நான் ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டே வந்தேன். என் கையெழுத்து அந்தப் பக்கத்தில் மட்டும் வாசிக்க முடியாமல் இருக்கிறது. ஒன்பதாவதாக ஆட்டோக்காரர் வீட்டுப் பெயர் வந்தது. அவர் எழுந்தார், அந்த அம்மாவைப் பார்த்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். போய் கையெழுத்துப் போடு என்று இவர்தான் கையை ஆட்டி அனுப்பினார்.

பதினைந்தும் முடிந்தது. தர்ஷினி என்ற பெயர் ஒருமுறைகூட வரவில்லை. இவருடையதும் வரவில்லை, வராதவருடையதும் வரவில்லை.

மீன்கார அம்மா எழுந்து, முந்தானையைச் செருகிக்கொண்டு, மீன் கெட்டுப்பூடும் என்று சொல்லிவிட்டுப் போனார். நேராக வெளிவாசலுக்கு, இந்த முறை சன்னல் பக்கம் போகவில்லை.

அடுத்த புதன்கிழமை மன்னிப்புக் கேட்கப் போனேன். நான் போய்ச் சேர்வதற்குள் அங்கே சண்டை நடந்துகொண்டிருந்தது. செய்தி தெரிந்துவிட்டிருந்தது. நான்கு வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக, அடுத்த தர்ஷினியின் அம்மா இவர் முகத்தைப் பார்த்து நேராகப் பேசினார்.

"கைல வந்தத வுட்டுட்டு வந்து நிக்கிறியே, அறிவு கீதா உனுக்கு? எனுக்கும் இல்ல, உனுக்கும் இல்ல. இப்போ இன்னா கண்ட? நான் உனுக்கு நன்றி சொல்லணுமா? சொல்ல மாட்டேன்."

"நீ ஒண்ணும் சொல்லவேணாம். பேர மாத்து, போதும்."

மீன் வாங்க வந்த பெண்கள் சிரித்தார்கள். அடுத்த தர்ஷினியின் அம்மா சிரிக்கவில்லை. தன் இடத்தில் போய் உட்கார்ந்து, வேகமாகச் செதிலைச் சீவ ஆரம்பித்தார். சீவிக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். இவரும் பார்த்தார். என்னிடம் அன்று அவரைப் பற்றி ஒரு வார்த்தை ஏசவில்லை.

நான் மன்னிப்புக் கேட்டதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதற்கு ஈடாக ஏதாவது செய்துவிட வேண்டும் என்று எனக்குத் தவிப்பு. அப்பா வேலைபார்த்த பங்குப் பள்ளியில் என்னைத் தெரியும், பாதரிடம் பேசி உங்கள் மகளுக்கு இடம் வாங்கித் தருகிறேன் என்றேன். சிறுபான்மையினர் பள்ளி என்பதால் அங்கே இந்தக் கால்பங்கு விதி கிடையாது. ஆனால் நான் சொன்னால் மறுக்கமாட்டார்கள்.

கூறு கட்டப்போனவர் கையை நிறுத்தினார்.

"அங்க யாரு கேட்டாலும் குடுப்பாங்களா, இல்ல நீ கேட்டாத்தான் குடுப்பாங்களா?"

அன்று மாலை நடக்கும்போது வக்கீல் நண்பரிடம் இந்தக் கேள்வியைச் சொன்னேன். உங்கள் அப்பாவுக்காக நீங்கள் வாதாடியபோது நான் இதைத்தான் கேட்டிருக்க வேண்டும், எனக்குக் கேட்கத் தெரியவில்லை என்றார் அவர்.

தர்ஷினியை மாநகராட்சிப் பள்ளியில் சேர்த்தார். ஒரு டிசம்பரில் குப்பத்துக்குள் தண்ணீர் வந்தபோது அவர்கள் மூன்று நாள் தங்கியிருந்த பள்ளி அது. அடுத்த தர்ஷினியும் அங்கேதான் சேர்ந்தாள். ஒரே வகுப்பில் இரண்டு ஜெ. தர்ஷினி. ஆசிரியை பாடு என்னவோ.

மறுவருடம் மே மாதம் தாளாளர் என்னைச் சாட்சிக்கு அழைத்தார். வருகிறேன், ஆனால் பட்டியலை என்னிடம் காட்டாதீர்கள், காட்ட வேண்டியவர் வேறொருவர் என்றேன். அவர் பெயர் எனக்குத் தெரியும், அவருக்கு நேற்றே சொல்லி அனுப்பிவிட்டேன் என்றார் தாளாளர்.

மீன்கார அம்மா இரண்டாவது முறையும் குளித்து, பூ வைத்து வந்தார். இந்தத் தடவை அவர் வீட்டுச் சீட்டு எதுவும் இல்லை. வியாபாரத்தை விட்டுவிட்டு ஏன் வருகிறார் என்று எனக்கு உள்ளுக்குள் வியப்பு. மேசையருகே நின்று, பட்டியலில் உள்ள பெயர்களை எழுத்தரை வாசிக்கச் சொல்லி, வாசிக்க வாசிக்க ஒவ்வொரு குடும்பத்தையும் கையைத் தூக்கச் செய்தார். தூக்காத பெயர் வந்தால், இந்தப் பிள்ளையைத் தெரிந்தவர் யார் என்று கூடத்தைப் பார்த்துக் கேட்டார். ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் இரண்டு அம்மாவையும் எழுந்து நிற்கச் சொன்னார். ஒரு மணி நேரம் ஆயிற்று. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார், தாளாளர் பார்க்கவில்லை.

பிறகு செய்ததுதான் நான் எதிர்பாராதது. சீட்டுகளை எழுத்தர் செம்பில் போடப்போனார். இவர் தடுத்து, அத்தனையையும் வாங்கி, கூடத்துக்குள் இறங்கி, பெற்றோர் கையில் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துக்கொண்டே போனார். யாருக்கும் அவரவர் பிள்ளையின் சீட்டு இல்லை. கொத்தனார் வீட்டுச் சீட்டு பூக்காரியிடம், பூக்காரி வீட்டுச் சீட்டு தையற்காரரிடம், தையற்காரர் வீட்டுச் சீட்டு ஒரு வீட்டுவேலைக்காரப் பெண்ணிடம். குப்பத்து வழக்கம் அப்படியாம், போன வருடம் அவசரத்தில் தன் சீட்டைத் தானே போட்டது தப்பாம். தன் படகின் சீட்டைத் தான் போடுவதில்லை, அடுத்தவன் படகின் சீட்டைப் போட வேண்டும். படித்துப் பார், மடி, போய்ப் போடு என்றார். ஒவ்வொருவராக வரிசையில் வந்து, யாருடைய பிள்ளை பெயரையோ வாய்க்குள் படித்து, மடித்து, செம்பில் போட்டார்கள்.

கடைசியில் ஒரு சீட்டு மிஞ்சியது. என்னிடம் நீட்டினார்.

"இவ அம்மா சைதாப்பேட்டை மார்க்கெட்ல மாட்டிக்கினாளாம். நீ போடு சார்."

படித்தேன். ஒரு பெண் குழந்தையின் பெயர். வீடு எங்கள் தெருவுக்குப் பின்தெரு. அந்தக் குழந்தையை நான் பார்த்ததில்லை. மடித்துப் போட்டுவிட்டு இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன்.

அதிகாரி எடுக்கத் தொடங்கினார். முதல் பெயர் அதுவாக இருக்கவில்லை. இரண்டாவதும் இல்லை. ஐந்து, ஆறு என்று போயிற்று. என் மகனின் பத்தாம் வகுப்பு முடிவுக்காகக் காத்திருந்த காலையில்கூட நான் இப்படிக் கையைப் பிசைந்ததாக நினைவில்லை. அந்த முடிவு நாளின் குறிப்பில் வெப்பநிலைகூட எழுதியிருக்கிறேன், படபடப்பு என்று எதுவும் எழுதவில்லை.

பதினொன்றாவதாக அந்தப் பெயர் வந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன். எனக்குத் தெரியாமலே கையைத் தட்டியிருக்கிறேன்.

பக்கத்திலிருந்த பெண் நிமிர்ந்து, "பேத்தியா சார்?" என்று கேட்டார்.

இல்லை, யாரென்றே தெரியாது என்றேன். அவர் அதில் ஆச்சரியப்படவில்லை. தன் மகனின் பெயர் மூன்றாவதாகவே வந்து, கையெழுத்தும் போட்டுவிட்டு வந்திருந்தவர் அவர். வீட்டுக்குப் போகாமல் அங்கேயே உட்கார்ந்து, அடுத்த சீட்டை எடுக்கச் செம்புக்குள் போகும் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் போட்டது இன்னும் வரல சார்" என்றார்.